எழுத வரும் என்றால் எழுதுங்கோ: வாசகரைச் சேர்ப்பதும் கேஸைக் காப்பாற்றுவதும்

(எமது நிலையத்தின் சனிக்கிழமைச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். அன்று வரமுடியாமல் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வழமையாக இந்த மேசையில் இருந்து தங்குமிடம், ஜீ.பி. பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றித்தான் கதைப்போம். இன்றைய விடயம் கொஞ்சம் வேறு. அண்மைக் காலமாக இங்கே வருகிற பலர் ஒரே மாதிரிக் கேட்கிறார்கள்: "எனக்கு எழுத வரும். வேலை செய்ய விடமாட்டினம். நாள் முழுக்க அறைக்குள்ள இருக்கிறன். எழுதி வெளியிடத் தொடங்கலாமோ? ஆட்கள் வாசிப்பினமோ? கேஸுக்குப் பிரச்சினை வருமோ?"

முதல் கேள்விக்குப் பதில்: ஓம், எழுதலாம். அகதி விண்ணப்பம் போட்டவர் எழுதக்கூடாது என்று பிரித்தானியாவில் எந்தச் சட்டமும் இல்லை. இரண்டாவது கேள்விக்கும் ஓம்தான், ஆனால் ஒரு நாளில் நடக்காது. மூன்றாவதற்கு மட்டும் ஒரு சொல்லில் பதில் சொல்ல ஏலாது. நீங்கள் என்ன எழுதுகிறீர்கள், என்ன பெயரில் எழுதுகிறீர்கள், அதில் காசு வருகிறதா என்பதைப் பொறுத்தது அது. ஆகவே முதலில் எழுத்தை வளர்ப்பதைப் பற்றியும், பிறகு கவனிக்கவேண்டிய இடங்களைப் பற்றியும் சொல்கிறேன். தயவுசெய்து இரண்டாம் பகுதி முடியும்வரை எழும்பிப் போகவேண்டாம்.

நான் சொல்வது பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கான பொதுவான விளக்கம். உங்கட கேஸில் என்ன செய்வது என்பதை உங்கட சொலிசிற்றரிடம்தான் கேட்கவேண்டும்.

எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எப்படிச் செய்தார்கள்?

வந்த புதிதில் எழுதத் தொடங்குவது எங்களுக்குப் புதிய விடயம் இல்லை. 1980களில் ஐரோப்பாவுக்கு வந்த இளைஞர்கள், மொழி தெரியாமல், முகாம்களிலும் சின்ன அறைகளிலும் இருந்துகொண்டே சஞ்சிகை நடத்தினார்கள். ஜேர்மனியில் 'தூண்டில்', நோர்வேயில் 'சுவடுகள்', சுவிசில் 'மனிதம்', பிரான்சில் 'ஓசை' என்று பல வந்தன. கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள்: கையெழுத்து, தட்டச்சு, போட்டோக்கொப்பி, தபால் முத்திரை. பெரும்பாலானவை சில வருடங்களில் நின்றுபோயின. ஆனால் அவற்றில் பலவற்றை 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இன்றைக்கும் யாரும் இலவசமாக வாசிக்கலாம். நேரம் கிடைத்தால் பாருங்கோ. இந்தக் குளிரையும் தனிமையையும் பயத்தையும் உங்களுக்கு முன்னமே ஒருவர் எழுதி வைத்திருப்பார்.

அவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு இருக்கிறது. இணையம் வந்த ஆரம்ப காலத்தில் எங்கட ஆட்கள் 'பாமினி' எழுத்துருவில் அடித்து அனுப்புவார்கள். வாங்குபவரின் கணினியில் பாமினி இல்லை என்றால் கொக்கு கொக்காக ஆங்கில எழுத்துத்தான் தெரியும். இப்ப யூனிகோட் வந்து, கையில் இருக்கிற போனிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. நீங்கள் தமிழில் அடித்தது உலகத்தில் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். தேடினாலும் கிடைக்கும்.

தொடங்கமுன் மூன்று முடிவு

1. யாருக்கு எழுதுகிறீர்கள்? "எல்லாருக்கும்" என்று சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். உதாரணமாக, வந்து ஆறு மாதம் ஆகாத ஒரு தாய்க்கு என்று எழுதலாம். ஊரில் இருக்கிற பழைய பள்ளிக்கூட நண்பர்களுக்கு என்று எழுதலாம். ஆளை மனதில் வைத்தால் சொல்லும் தானாக வரும்.

2. எதைப் பற்றி? உங்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடத் தெரிந்த ஒன்றை எடுங்கோ. மீன்பிடி தெரிந்தவர் வலை, கரவலை, கடல் காற்றின் பெயர்கள் பற்றி எழுதலாம். தோட்டம் செய்தவர் வெங்காயம், புகையிலை பற்றி எழுதலாம். சமையல், கிராமத்துக் கோயில், பழைய படம், மரக்கறி விலையை எப்படிப் பார்த்து வாங்குவது, எதுவும் ஆகலாம். ஒரு விடயத்தைப் பிடித்தால் குறைந்தது பத்துத் தலைப்பைக் கடதாசியில் எழுதிப் பாருங்கோ. பத்து வரவில்லை என்றால் அந்த விடயம் உங்களுக்குப் போதாது, வேறொன்றை எடுங்கோ.

3. என்ன பெயரில்? இதை அவசரப்பட்டு முடிவெடுக்காதேங்கோ. ஒருமுறை சொந்தப் பெயரில் வந்தால் திரும்ப எடுக்க ஏலாது. புனைபெயர் வைப்பது எங்கட இலக்கியத்தில் புதிதும் இல்லை, வெட்கமும் இல்லை. ஆனால் புனைபெயர் முழுப் பாதுகாப்பு என்று நினைக்கவும் வேண்டாம். போன் நம்பர், ஈமெயில், நண்பர் வட்டம், படத்தில் தெரியும் வாசற்கதவு, இவற்றில் ஒன்று போதும் ஆளைக் கண்டுபிடிக்க.

வாசகர் எப்படிச் சேருவார்கள்?

முதலாவது, நேரம் தவறாமை. கிழமைக்கு ஒன்று என்றால் கிழமைக்கு ஒன்று. ஒரே நாளில் ஐந்தைப் போட்டுவிட்டு இரண்டு மாதம் காணாமல் போகிறவரை வாசகர் மறந்துவிடுவார். வெளியிடமுன் நாலைந்தை எழுதிக் கையில் வைத்திருங்கோ. நேர்முகம் வரும், தங்குமிடம் மாத்துவார்கள், மனம் சரியில்லாமல் இருக்கும். அந்தக் கிழமைகளுக்கு அது உதவும்.

இரண்டாவது, தலைப்பு. "என் மனதின் ஓசை" என்ற தலைப்பை யாரும் தேடமாட்டார்கள். "ஜீ.பி.யில் பதிய மறுத்தால் என்ன செய்வது?" என்ற தலைப்பைத் தேவையான ஆள் தேடுவார். மக்கள் வாயில் வருகிற சொல்லிலேயே தலைப்பை வையுங்கோ.

மூன்றாவது, ஆட்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்கு நீங்கள் போகவேண்டும். ஈஸ்ற்ஹாம், ஹரோ, ரூட்டிங் போன்ற இடங்களில் தமிழ்க் கடைகளில் அறிவித்தல் ஒட்ட விடுவார்கள், கேட்டுப் பாருங்கோ. தமிழ்ப் பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் எல்லாம் வாசகர் இருக்கிற இடங்கள். சங்கங்கள் ஆண்டு மலர் போடும்போது கட்டுரை தேடித் திரிவார்கள். ஒரு நல்ல கட்டுரையைக் குடுத்தால் உங்கட பெயர் நூறு வீட்டுக்குள்ளே போகும்.

நாலாவது, மற்றவர் எழுதியதை வாசியுங்கோ. வாசித்து, நல்லதைப் பற்றி உங்கட வாசகருக்குச் சொல்லுங்கோ. எழுதுகிறவருக்கு ஒரு கடிதம் போடுங்கோ. எங்கட வட்டம் சின்னது. நீங்கள் ஒருவரை மதித்தால் அவர் தன்னுடைய வாசகரிடம் உங்களைப் பற்றிச் சொல்லுவார். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

ஐந்தாவது, வாசகர் எழுதினால் பதில் போடுங்கோ. முதல் இருபது பேரும்தான் முக்கியம். அவர்கள்தான் அடுத்த இருநூறு பேரைக் கூட்டி வருவார்கள்.

செய்யக்கூடாததையும் சொல்கிறேன். ஐம்பது வட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியைத் தள்ளவேண்டாம். சாவு வீட்டு அறிவித்தலுக்குக் கீழே உங்கட கட்டுரையைப் போடவேண்டாம். காசு குடுத்தால் ஆயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறோம் என்று வருகிறவனை நம்பவேண்டாம். அந்த ஆயிரம் பேரும் இல்லாத ஆட்கள். உங்கட சாப்பாட்டுக் காசுதான் போகும்.

அச்சில் சிறு சஞ்சிகை போட விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். பிரித்தானியாவில் வெளியாகும் சஞ்சிகைக்குரிய ஐ.எஸ்.எஸ்.என். இலக்கத்தைப் பிரித்தானிய நூலகம் இலவசமாகத் தருகிறது. 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சில் வெளியிடும் ஒவ்வொரு இதழிலும் ஒரு பிரதியை வெளியாகி ஒரு மாதத்துக்குள் அந்த நூலகத்துக்கு அனுப்பவேண்டும். தமிழ் இதழுக்கும் இது பொருந்தும். இதைப் பாரமாக நினைக்காதேங்கோ. நூறு வருடம் கழித்தும் உங்கட எழுத்து அங்கே இருக்கும்.

காசு: இங்கே மிகக் கவனம்

வாசகர் கூடினால் விளம்பரம் வரும், நன்கொடை வரும், "எங்கட கடையைப் பற்றி எழுது, காசு தாறன்" என்று ஆள் வரும். விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவருக்கு இது ஆபத்தான இடம்.

அகதி விண்ணப்பதாரருக்கு இங்கே பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. உங்கட பிழை இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு வராமல் இருந்தால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தாலும் குறித்த வகை வேலைகளுக்கு மட்டும்தான். அந்த அனுமதியில் சுயதொழில் செய்யவோ வியாபாரம் தொடங்கவோ ஏலாது. எழுத்துக்கு விளம்பரக் காசு வாங்குவதைச் சுயதொழில் என்று ஹோம் ஒஃபிஸ் பார்க்க இடமிருக்கிறது. நண்பரின் வங்கிக் கணக்கில் வாங்கினாலும் அது உங்கட வருமானம்தான். நீங்கள் அரச உதவிப் பணத்தில் இருந்தால், வருகிற காசை அவர்களுக்கு அறிவிக்கவேண்டும். மறைத்தால் உதவி நிற்கலாம், உங்கட நேர்மையிலும் சந்தேகம் வரும்.

ஆகவே விளம்பரத்தை நிற்பாட்டி வையுங்கோ. அனுமதி கிடைத்த பிறகு வாசகர் இருப்பார்கள், காசும் வரும். அதுவரைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளம் இல்லாத தொண்டராகச் செய்திமடல் எழுதலாம். அதற்குத் தடை இல்லை. பஸ் காசு போன்ற உண்மையான செலவை அவர்கள் திருப்பித் தரலாம்.

நீங்கள் எழுதியதை ஹோம் ஒஃபிஸும் வாசிக்கலாம்

பொதுவில் வெளியிட்டதை யாரும் வாசிக்கலாம். அதிகாரி ஒருவர் உங்கட பெயரைத் தேடிப் பார்க்கலாம். நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்கலாம்.

ஒருவர் நேர்முகத்தில் "2018 மார்ச்சில் பிடித்தார்கள்" என்று சொல்லி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரே ஒரு கட்டுரையில், கதை நன்றாக வரட்டும் என்று, "2019 மாரி மழையில் என்னைக் கொண்டுபோனார்கள்" என்று எழுதிவிடுகிறார். எழுத்தாளருக்கு அது அழகு. அதிகாரிக்கு அது முரண்பாடு. சொந்தக் கதையைக் கேஸ் முடியும்வரை வெளியிடாமல் வைத்திருப்பது நல்லது. எழுதவேண்டும் போல மனம் கிடந்து துடித்தால் கொப்பியில் எழுதி வையுங்கோ. கற்பனைக் கதை என்றால் "கற்பனை" என்று தெளிவாகப் போடுங்கோ.

மறுபக்கமும் இருக்கிறது. நாட்டை விட்டு வந்த பிறகு ஒருவர் செய்த அரசியல் வேலைகளாலும் அவருக்கு ஆபத்து ஏற்படலாம் என்பதை அகதிச் சட்டம் ஏற்கிறது. இலங்கைத் தமிழர் தொடர்பாக 2021 இல் மேல் தீர்ப்பாயம் ஒரு வழிகாட்டித் தீர்ப்புத் தந்தது. புலம்பெயர்ந்தவர்களின் செயற்பாடுகளை இலங்கை அரசு கண்காணிக்கிறது என்பதை அது ஏற்றது. பிரிவினைவாத வேலையில் குறிப்பிடத்தக்க பங்கு உள்ளவர், அல்லது அப்படிப் பார்க்கப்படுபவர் ஆபத்தில் இருக்கலாம் என்றும் சொன்னது. சமூக ஊடகத்தில் ஒருவர் எவ்வளவு தெரிகிறார் என்பதும் பார்க்கவேண்டிய விடயங்களில் ஒன்று.

இதைக் கேட்டவுடன் சிலர் "அப்ப நானும் நாலு கடும் கட்டுரை போட்டால் விசா தருவினம்" என்று நினைக்கிறார்கள். இல்லை. உண்மையான நம்பிக்கை இல்லாமல் கேஸுக்காக மட்டும் செய்ததை அதிகாரியும் நீதிபதியும் கண்டுபிடிப்பார்கள். அப்படிக் கண்டால் நீங்கள் சொன்ன உண்மையையும் நம்பமாட்டார்கள். 2022 இல் ஈரான் நாட்டவர் ஒருவரின் வழக்கில் அதே தீர்ப்பாயம் பேஸ்புக் சான்றைப் பற்றி விரிவாகச் சொன்னது. சில பக்கங்களை மட்டும் பிரதி எடுத்துக் குடுத்தால் அதற்கு மிகக் குறைந்த பெறுமதிதான், முழுக் கணக்கின் தரவையும் இலத்திரனியல் வடிவில் குடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே உண்மையாகவே அரசியல் எழுதி வருகிறவர்கள் சொலிசிற்றரிடம் தொடக்கத்திலேயே சொல்லுங்கோ. அவரைக் கேட்காமல் எதையும் அழிக்கவும் வேண்டாம், புதிதாகக் கூட்டவும் வேண்டாம்.

ஊரில் இருக்கிறவர்கள்

எழுத்துக்கு எங்கட நாட்டில் என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன், 2005 ஏப்ரலில் கொழும்பில் சிவராம், 2006 ஜனவரியில் திருகோணமலையில் சுகிர்தராஜன். பட்டியல் இதோடு முடியவில்லை. 2024 இல் அங்கே நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. நீங்கள் இங்கே பாதுகாப்பாக இருந்து எழுதுவதற்கு அங்கே அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டக்கூடும். அதனால் ஊரவர் பெயர், முகம், வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எதையும் போடாதேங்கோ. பழைய குழுப் படங்களில் உங்களோடு நிற்கிற மற்றவர்களையும் யோசியுங்கோ. போனில் எடுத்த படத்துக்குள்ளே எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். கமராவில் இடப்பதிவை நிற்பாட்டி வையுங்கோ. நீங்கள் இருக்கிற ஹொட்டலின் பெயரையும் எழுதவேண்டாம். அங்கே உங்களோடு மற்றக் குடும்பங்களும் இருக்கின்றன.

சட்டம் தடுக்கிற நாலு விடயம்

ஒன்று: விடுதலைப் புலிகள் அமைப்பு 2001 இல் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது. அதற்கு ஆதரவு திரட்டுவதும், ஆதரவாளர் என்று சந்தேகம் வரும் விதமாகக் கொடி, சின்னங்களின் படத்தை வெளியிடுவதும் இங்கே குற்றமாகலாம். மற்றவர்கள் போடுகிறார்களே என்று நீங்கள் போடவேண்டாம். உங்கட நிலைமை வேறு. வரலாற்றை எழுதலாம், இறந்தவர்களுக்காகத் துக்கப்படலாம். எல்லை எங்கே என்று தெரியாவிட்டால் முதலில் கேளுங்கோ.

இரண்டு: மற்றவரின் கேஸுக்கு ஆலோசனை சொல்லவேண்டாம். தகுதியும் பதிவும் இல்லாதவர் குடிவரவு ஆலோசனைச் சேவை நடத்துவது 1999 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், காசு வாங்காவிட்டாலும். "ஜீ.பி.யில் பதிய என்ன படிவம்" என்ற பொதுத் தகவல் எழுதலாம். "உங்கட கேஸில் இப்பிடிச் சொல்லுங்கோ" என்று எழுதக்கூடாது. அப்படி ஒரு கடிதம் வந்தால் சொலிசிற்றரிடம், அல்லது பதிவுபெற்ற ஆலோசகரிடம் அனுப்புங்கோ.

மூன்று: அவதூறு. கடைக்காரர், சங்கத் தலைவர், ஏஜென்ட் யாராக இருந்தாலும், நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டைப் பெயரோடு எழுதாதேங்கோ. தமிழில் எழுதினாலும் வழக்குப் போடலாம்.

நாலு: மற்றவரின் படம், பாட்டு, கட்டுரையை அனுமதி இல்லாமல் எடுத்துப் போடவேண்டாம். "நன்றி: இணையம்" என்று போட்டால் அனுமதி ஆகாது.

அன்று கேட்கப்பட்ட சில கேள்விகள்

கேள்வி: எனக்குக் கணினி இல்லை. என்ன செய்வது?
பதில்: போனில் அடிக்கலாம். பொது நூலகங்களில் கணினி பாவிக்கலாம். அட்டை எடுக்க என்ன கடிதம் வேண்டும் என்று உங்கட நூலகத்தில் கேளுங்கோ. முகவரிக் கடிதம் தேவைப்பட்டால் எங்களிடம் வாங்கோ. பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கை விட்டு வெளியேற மறக்கவேண்டாம்.

கேள்வி: மூன்று மாதம் எழுதினேன். பன்னிரண்டு பேர்தான் வாசிக்கினம். விடலாமோ?
பதில்: இந்த அறைக்குள்ளே இப்ப பதினைந்து பேர் இருக்கிறீர்கள். நான் வெறும் பதினைந்து பேர் என்று நினைத்துக் கதைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரிடமும் எது பிடித்தது என்று கேளுங்கோ. அதில் இருந்து அடுத்ததை எழுதுங்கோ.

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதினால் கூட ஆட்கள் வருவினமோ?
பதில்: வரலாம். ஆனால் முதலில் நன்றாக வருகிற மொழியில் எழுதுங்கோ. கிழமைக்கு ஒரு பந்தியை ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்து, எங்கட ஆங்கில வகுப்புக்குக் கொண்டுவாங்கோ. வகுப்பு ஆசிரியர் திருத்தித் தருவார். மொழியும் கூடும், வாசகரும் கூடும்.

கேள்வி: ஏற்கெனவே சொந்தப் பெயரில் நிறைய எழுதிவிட்டேன். இப்ப என்ன செய்ய?
பதில்: பதட்டப்படவேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பட்டியல் போட்டு, திகதியோடு சொலிசிற்றரிடம் குடுங்கோ. அவர் சொல்லும்வரை அழிக்கவேண்டாம்.

உறவுகளே, காத்திருக்கிற காலம் மனிதரைத் தின்னும். கடிதம் வருமா வருமா என்று கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதைவிட, கிழமைக்கு ஒரு பக்கம் எழுதுகிறவருக்கு அந்தக் கிழமையில் தன்னுடையது என்று சொல்ல ஒரு வேலை இருக்கும். எழுதியதை வெளியிடமுன் யாரும் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது என்று நினைத்தால், சனிக்கிழமைகளில் கொண்டுவாங்கோ. தேநீரும் இருக்கும், வாசிக்க ஆளும் இருக்கும்.